விண்டோ வைண்டரைக் கழற்ற ஒரு பழைய துணி போதும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வேலைக்கு வந்து, டாக்ஸிக்குக் காத்து நின்று அலுத்துப்போன பிறகு (இங்கே டாக்ஸி என்றால் மினிபஸ்), கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நான் வாங்கியது 2001ஆம் ஆண்டு டொயோட்டா டாஸ். இதே ஊரில், ப்ராஸ்பெக்டன் ஆலையில் செய்த வண்டி. கூட வேலை பார்க்கும் ஒருவர் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் வாங்கினார். இன்னொருவர் நிசான் 1400 பக்கி வாங்கினார். பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வண்டியை இந்த நாட்டில் பக்கி என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் எனக்கு அது புரியவே ஒரு வாரம் ஆனது. மூன்று வண்டிக்கும் பொதுவான விஷயம், பட்டனைத் தட்டினால் கண்ணாடி இறங்காது. கையால் சுற்ற வேண்டும்.

சுற்றும் அந்தக் கைப்பிடியை நம் ஊர் மெக்கானிக் கிளாஸ் ஹேண்டில் என்பார். இங்கே ஸ்பேர்ஸ் கடையில் ஹேண்டில் என்று கேட்டேன், கதவைத் திறக்கும் கைப்பிடியை எடுத்து வைத்தார்கள். விண்டோ வைண்டர் என்று கேளுங்கள், உடனே கிடைக்கும். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

வைண்டரைக் கழற்றும் வேலை எப்போது வரும்? குமிழ் உடைந்தால், சுற்றச் சுற்றக் கண்ணாடி அசையாமல் வைண்டர் மட்டும் சும்மா சுழன்றால், கதவுக்குள் ஸ்பீக்கர் மாட்ட நினைத்தால், கதவுப் பூட்டு சிக்கிக்கொண்டால். எதுவாக இருந்தாலும் கதவின் உள்பக்கப் பேனலைக் கழற்ற வேண்டும். வைண்டர் இருக்கும்வரை அந்தப் பேனல் வராது.

முதல் தடவை நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. வைண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் ஸ்க்ரூ தெரியவில்லை. சரி, அழுத்தித்தான் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, பெரிய ஸ்க்ரூடிரைவரைப் பின்னால் கொடுத்து நெம்பினேன். பேனலின் ரெக்சின் கிழிந்தது. வைண்டருக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் வட்டு விரிசல் விட்டது. வைண்டர் மட்டும் வரவில்லை.

நான் குடியிருப்பது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. சின்ன வயதில், நிறவெறி ஆட்சியின்போது, இதே ஊரின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து இங்கே குடியேற்றப்பட்ட குடும்பம். தன் ஆயாவிடம் கற்ற தமிழை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார், நடுநடுவே ஆங்கிலம் வரும். நான் அவரைத் தாத்தா என்றே கூப்பிடுவேன். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"இழுக்காத தம்பி. உள்ள கிளிப்பு இருக்கு. லாப்பி ஒண்ணு கொண்டா."

லாப்பி என்றால் துடைக்கிற துணி. ஆப்பிரிக்கான்ஸ் சொல், இந்த ஊரில் எல்லோர் வாயிலும் புழங்குவது. ஒரு கந்தலை எடுத்துக் கொடுத்தேன். வைண்டருக்குப் பின்னால் அதை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து நாலு இழுப்பு இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம். வைண்டர் அவர் கையோடு வந்துவிட்டது.

உங்கள் வண்டியில் எந்த வகை

துணியைத் தேடும் முன்னால் இதைப் பாருங்கள். எல்லா வண்டியிலும் கிளிப் இருக்காது.

சிட்டி கோல்ஃபில் கிளிப் கிடையாது, ஸ்க்ரூதான். 1984 முதல் 2009 வரை இந்த நாட்டிலேயே, அப்போது ஊட்டன்ஹேக் என்றிருந்து இப்போது கரீகா ஆகிவிட்ட ஊரில், செய்த வண்டி அது. தெருவுக்கு ஒன்று இன்னும் ஓடுகிறது. வைண்டர் கையின் முகப்பில் மெல்லிய பிளாஸ்டிக் மூடி ஒன்று பதிந்திருக்கும். அதன் ஓரத்தில் நகத்தையோ சின்னத் தட்டை ஸ்க்ரூடிரைவரையோ கொடுத்து மெதுவாகத் தூக்கினால் மூடி கழன்று, அடியில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றி வைண்டரை நேராக இழுத்தால் வந்துவிடும். பழைய பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும், அதனால் வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்தி மூடி சூடான பிறகு கை வையுங்கள். இந்த வகைக்கு இவ்வளவுதான், மீதிக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

அதற்குப் பிறகு வந்த சில ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் வைண்டருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வளையமே பூட்டு. வளையத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால் பிடி விட்டுவிடும். வளையம் கொஞ்சமாவது நகர்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள்.

டாஸ், பழைய கொரோலா, நிசான் பக்கி, மாஸ்டா 323 போன்ற ஜப்பானிய வம்சத்து வண்டிகளில் பெரும்பாலும் கிளிப்தான். முகப்பில் மூடியும் இருக்காது, ஸ்க்ரூவும் இருக்காது. வைண்டருக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வட்டு மட்டும் இருக்கும். ஒரு கையால் பேனலை உள்பக்கம் அழுத்திக்கொண்டு, ஃபோன் வெளிச்சத்தை அந்த இடுக்கில் அடித்துப் பாருங்கள். வைண்டரின் கழுத்தில் கம்பி ஒன்று மின்னினால் அதுதான் நம் கிளிப். பழைய வண்டியில் துருப்பிடித்துப் பழுப்பாகவும் இருக்கலாம்.

கிளிப் எப்படிப் பிடிக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கதவுக்குள்ளிருந்து ஒரு சின்ன இரும்புத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி நீளவாக்கில் நுண்ணிய பற்கள். வைண்டரின் துளைக்குள்ளும் அதே பற்கள். இரண்டும் ஒன்றோடொன்று கவ்வுவதால்தான் நாம் சுற்றும்போது தண்டும் சுற்றுகிறது. தண்டின் குறுக்கே மோதிரம் பதிந்த தடம் போல ஒரு பள்ளமும் ஓடும்.

கிளிப்பைப் பார்த்தால் கொண்டை ஊசியைக் குட்டையாக வெட்டியது போல இருக்கும். ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் இரண்டு கால்கள். கால்களின் நுனி லேசாக வெளியே மடங்கியிருக்கும். வைண்டரின் கழுத்தில் இரண்டு பக்கமும் கீறல் போல இடம் வெட்டியிருப்பார்கள். கால்கள் அந்த இடங்கள் வழியாகப் புகுந்து தண்டின் பள்ளத்தை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். இந்த நிலையில் வைண்டரை நம் பக்கமாக எவ்வளவு இழுத்தாலும் வராது, அதைத் தடுக்கத்தானே கிளிப்பை வைத்திருக்கிறார்கள். ஆனால் கிளிப்பைப் பக்கவாட்டில், அதன் வளைவு இருக்கும் திசையில் தள்ளினால் பள்ளத்திலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும்.

ஆக, கேள்வி ஒன்றுதான்: வளைவு எந்தப் பக்கம்? ஃபோன் வெளிச்சத்தில் அதைக் கண்டுபிடியுங்கள். முந்தைய உரிமையாளர் யாராவது கழற்றித் திருப்பி மாட்டியிருக்கலாம், அதனால் அடுத்த கதவில் இருப்பது போலவே இங்கேயும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

துணி போடும் முறை

முதலில் கண்ணாடியை முழுக்க ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும் வைண்டரின் கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஃபோனில் ஒரு படம். திரும்ப மாட்டும்போது இந்தப் படம் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்: ஒரு கதவில் மேலே பார்க்கும், அடுத்த கதவில் முழங்காலில் இடிக்கும்.

அப்புறம் கதவை நன்றாகத் திறந்து வைத்து, கீழே பழைய பெட்ஷீட் ஒன்றை விரியுங்கள். சீட்டுக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் அது மூட வேண்டும். கிளிப் ஸ்பிரிங் எஃகு. கழன்ற வேகத்தில் துள்ளும். மூக்குக் கண்ணாடி போடுபவர் அதைக் கழற்ற வேண்டாம்; போடாதவர் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தாத்தா ஒன்றும் போடவில்லைதான், ஆனால் அவருக்கு அனுபவம் அறுபது வருஷம்.

துணி மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். டர்க்கி டவல் தடிமன், நுழையாது. பனியன் துணி இழுத்தால் நீளும். பழைய வேட்டியில் ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து இரண்டாக மடித்தால் கச்சிதம். நீளம் முக்கால் முழத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டுமே.

வைண்டரை மெதுவாகச் சுற்றி, கிளிப்பின் வளைவு மேலே பார்க்கும்படி நிறுத்துங்கள். கண்ணாடி கொஞ்சம் இறங்கும், பரவாயில்லை. இப்போது கால்களின் நுனி கீழே இருக்கிறது. பேனலை உள்ளே அழுத்திக்கொண்டு, வைண்டருக்கும் பிளாஸ்டிக் வட்டுக்கும் நடுவில், கீழ்ப்பக்கமாகத் துணியை நுழையுங்கள். வட்டுக்கும் பேனலுக்கும் நடுவில் நுழைத்தால் நாள் முழுக்க இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. நான் அதையும் செய்து பார்த்தவன்.

துணி இப்போது தண்டின் அடியில் ஊஞ்சல் போலத் தொங்குகிறது. இரண்டு முனையையும் இரண்டு கையில் இறுக்கிப் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் தேய்ப்பது போல இடமும் வலமுமாக இழுங்கள். இழுக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கித் தூக்குங்கள். துணியின் இழை கால் நுனிகளில் ஏதாவது ஒன்றில் மாட்டும். மாட்டியதும் கைக்குத் தெரியும், லேசாகத் தடுக்கும். அந்த இடத்தில் விடாமல் நாலைந்து தடவை இழுத்தால் டிக் என்று கிளிப் மேலே எழும்பிவிடும். பக்கத்தில் யாராவது இருந்தால் வைண்டருக்கு மேலே உள்ளங்கையைக் குவித்து வைக்கச் சொல்லுங்கள், பறந்தாலும் கைக்குள்ளேயே விழும்.

வைண்டர் இன்னும் பல்லில் உட்கார்ந்திருக்கும். இழுத்து எடுக்கும் முன் அதை வைத்தே கண்ணாடியை மறுபடி மேலே ஏற்றிவிடுங்கள். அப்புறம் வைண்டரை நேராக இழுங்கள், வட்டும் கூடவே வரும். கிளிப், வட்டு, வைண்டர் மூன்றையும் ஒரு டீ கப்பில் போட்டு வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

வராவிட்டால்

டர்பனின் கடற்காற்றில் இரும்பு எதுவும் சும்மா இருப்பதில்லை. கிளிப் துருவேறித் தண்டோடு ஒட்டியிருந்தால் துணி மட்டும் கிழியும். துரு இளக்கும் ஸ்பிரேயை அதன் குழாய் முனையால் ஒரே ஒரு சொட்டு விட்டு, கால்மணி நேரம் பொறுங்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டு உலர்ந்த துணியை நுழையுங்கள், எண்ணெய் பட்ட துணி வழுக்கும். ரெக்சினிலும் எண்ணெய் இறங்காமல் அடியில் ஒரு காகிதத்தைக் கொடுங்கள்.

அப்படியும் அசையவில்லையா? கொக்கி போல வளைத்த கம்பி ஒன்றை, இப்போது மேல்பக்கத்திலிருந்து, கிளிப்பின் வளைவுக்குள் மாட்டி மேலே இழுக்கலாம். சைக்கிள் ஸ்போக் நுனியை வளைத்தால் போதும். இதற்கென்றே கவைபோலப் பிளந்த முனையுள்ள கருவி கடையில் கிடைக்கிறது. அது கால் நுனிகளைத் தள்ளும் வகை. அடிக்கடி செய்பவருக்கு அது வசதி. ஒரே வண்டி வைத்திருப்பவருக்குத் துணி போதும் என்பது என் கட்சி.

தட்டை ஸ்க்ரூடிரைவரால் கால் நுனியைக் குத்தித் தள்ளுவதைச் சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். வரும்தான். ஆனால் ஒரு வழுக்கல் போதும், பேனலில் ஓட்டை. என் டாஸின் வலது கதவு அதற்குச் சாட்சி.

எது கெட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்

வைண்டர் சும்மா சுழல்கிறது என்று ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்காமல், உள்ளே இருக்கும் மெக்கானிசம் முழுசையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையில் பாதி மாத வாடகை கட்டலாம். வீட்டுக்குத் திரும்பி, வைண்டரைக் கழற்றி, வெளியே தெரியும் தண்டைக் குறட்டால் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். கண்ணாடி அழகாக ஏறியது. உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வைண்டரின் துளையில் பிளாஸ்டிக் பல் தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தது, அவ்வளவுதான். ஸ்க்ராப்யார்டில் வேறொரு டாஸிலிருந்து கழற்றிய வைண்டரை மாட்டினேன், முடிந்தது.

நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். தண்டைத் திருப்பினால் கண்ணாடி அசைகிறது என்றால் குற்றம் வைண்டரில். தண்டு சுற்றியும் கண்ணாடி அசையாமல் இருந்தாலோ, கரகர என்று அரைத்தாலோ, கண்ணாடி கோணலாக ஏறினாலோ குற்றம் உள்ளே, கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெக்கானிசமான ரெகுலேட்டரில். அப்போதுதான் பேனலைத் திறக்கும் வேலை. தண்டின் பின்னால் ஒரு ஸ்பிரிங் பிரேக் இருக்கிறது. கையை எடுத்த பிறகும் கண்ணாடி தன் எடையில் கீழே இறங்காமல் நிற்பது அதனால்தான். நிறுத்திய இடத்தில் நிற்காமல் கண்ணாடி தானாகவே நழுவினால் அந்த பிரேக்கையோ, கண்ணாடியைத் தாங்கும் கிளாம்பையோ சந்தேகப்படலாம்.

பேனலைத் திறப்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். சுருக்கமாக: ஆர்ம்ரெஸ்டில் ஸ்க்ரூ, உள்கைப்பிடியைச் சுற்றி ஸ்க்ரூ, பிறகு ஓரம் முழுக்கப் பிளாஸ்டிக் பட்டன்கள். பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் பேனலில் ஊறாமல் தடுப்பது அதுதான். கதவுக்குள் கை விடும் முன், கண்ணாடியை மேலே நிறுத்தி, சட்டத்தோடு சேர்த்து டேப்பால் ஒட்டிவிடுங்கள். விரல் மேல் இறங்கினால் விளையாட்டில்லை.

வழியில் உடைந்துவிட்டால்

டர்பன் கோடைமழை சொல்லிவிட்டு வருவதில்லை. கண்ணாடி பாதி இறங்கியிருக்கும்போது வைண்டர் கையோடு வந்துவிட்டால், வைஸ் கிரிப் குறடு (கவ்விய பிடியை விடாமல் பூட்டிக்கொள்ளும் குறடு) ஒன்றைத் தண்டில் கவ்வவிட்டுச் சுற்றி ஏற்றிவிடலாம். என் வண்டி டிக்கியில் எப்போதும் ஒன்று கிடக்கும். பல்லில் காயம் படும் என்பதால் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம், வீடு வந்து சேர மட்டும். குறடு இல்லையென்றால், இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியின் உள்ளும் வெளியும் அழுத்தி மேலே தள்ளிக்கொண்டே, இன்னொருவரைத் தண்டை விரலால் திருப்பச் சொல்லலாம். தண்டின் பிரேக் பிடிப்பதால் வெறும் தள்ளலுக்கு மட்டும் அது அசையாது.

திறந்த கண்ணாடியோடு வண்டியைத் தெருவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஐந்து நிமிடமானாலும் சரி. ரோபோட்டில், அதாவது சிக்னலில், நிற்கும்போதுகூடப் பையைச் சீட்டில் வைக்காதே என்று வந்த அன்றே எனக்குச் சொன்னார்கள், உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் இங்கே பலரும் கண்ணாடிக்கு ஸ்மாஷ் அண்ட் கிராப் ஃபிலிம் ஒட்டுகிறார்கள், கண்ணாடியை உடைத்துப் பையைப் பறிப்பதைக் கடினமாக்கும் ஒட்டுத்தாள் அது. புதிதாக ஒட்டியிருந்தால் பசை காயும்வரை சில நாள் கண்ணாடியை இறக்கக் கூடாது, வைண்டர் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டுவது

பலரும் தப்பு செய்வது இங்கேதான். வைண்டரைத் தண்டில் வைத்துவிட்டு, அப்புறம் இடுக்கில் கிளிப்பை நுழைக்கப் பார்ப்பார்கள். முடியாது என்றில்லை, ஆனால் பொறுமை போய்விடும்.

கிளிப்பை முதலில் வைண்டரின் கழுத்தில் உள்ள வெட்டுக்குள் தள்ளி, முழுக்க உட்கார வையுங்கள். துளைக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் கம்பி கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிய வேண்டும். கழற்றிய கிளிப் தளர்ந்திருந்தால் குறட்டால் இரண்டு கால்களையும் மிக லேசாக நெருக்கிக்கொள்ளலாம்; அதிகம் நெருக்கினால் முறிந்துவிடும். தண்டின் பல்லில் ஒரு துளி கிரீஸ், பிறகு பிளாஸ்டிக் வட்டு. ஃபோன் படத்தைப் பார்த்து, கை அதே கோணத்தில் இருக்கும்படி வைண்டரைத் தண்டில் பொருத்தி, உள்ளங்கையால் நேராக ஒரு அழுத்து. கிளிப் தானாக விரிந்து பள்ளத்தில் போய் விழும். டிக் என்று கேட்கும். கேட்காவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம், வெளியே எடுத்துக் கிளிப்பைச் சரிபார்த்து மறுபடி அழுத்துங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம்.

உட்கார்ந்ததும் வைண்டரை உங்கள் பக்கமாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. கண்ணாடியை மேலும் கீழும் இரண்டு தடவை முழுக்க ஓட்டுங்கள். வைண்டரின் கை முழங்காலிலோ ஆர்ம்ரெஸ்டிலோ இடித்தால் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். இரண்டாம் தடவை துணி போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

கிளிப் தொலைந்துபோனால் அதற்குப் பதில் கட்டுக்கம்பியைச் சுற்றி வைக்காதீர்கள். வைண்டர் ஒருநாள் ரோபோட்டில் கையோடு வரும். ஸ்பேர்ஸ் கடைக்குப் போகும்போது அடுத்த கதவின் கிளிப்பைக் கழற்றி மாதிரிக்குக் கொண்டுபோங்கள், அளவு வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு மூன்று சேர்த்தே வாங்குங்கள். என் இடது கதவின் கிளிப், பெட்ஷீட் விரிக்க சோம்பல்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பறந்தது, இன்னும் சீட்டுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது.